கொழுந்துக் கூடையும் புதிய பெயரும்

மலைநாட்டுத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு நமது அகராதிகளில் எளிதிற் காணக் கிடைக்காத ஒரு பொருள் உண்டு. அங்கே ஒரு பேர் என்பது ஒரு நாட் சம்பளம். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, நிரை பிடித்து, கொழுந்தெடுத்து, மடுவத்துத் தராசில் கூடையை இறக்கி, தண்ணீருக்கும் கூடைக்கும் என்று கழித்தது போக எஞ்சியது குறித்த நிறைக்கு எட்டுமாயின் அன்று அப்பெண்ணுக்குப் பேர் விழும். எட்டாவிடில் அரைப்பேர். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கங்களில் “இந்த மாசம் எத்தனை பேரு?” என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், உழைத்த நாட்களையே கேட்கின்றாள்.

அந்தப் பெண்ணுக்கு இப்பொழுது புதியதொரு பெயர் சூட்டும் முயற்சி நடைபெறுகின்றது. இனி அவள் தொழிலாளி அல்லள், ‘உற்பத்தியாளர்’ என்கிறார்கள். சில மேடைகளில் ‘பங்காளி’ என்றும், இன்னும் ஒருபடி மேலே போய்த் ‘தொழில் முனைவோர்’ என்றும் அழைக்கின்றார்கள். வெளியார் உற்பத்தி முறை என்றும் வருமானப் பகிர்வு முறை என்றும் கூறப்படும் ஏற்பாடு இது. துரைமார் நாவில் ‘அவுட்குரோவர்’. தோட்டத்துக்குத் தோட்டம் விவரங்கள் வேறுபட்டாலும் சாரம் ஒன்றுதான். ஒரு குடும்பத்துக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ தேயிலைச் செடிகள் கொண்ட ஒரு துண்டு நிலம் ஒதுக்கப்படும். களை எடுப்பதும் உரமிடுவதும் கொழுந்தெடுப்பதும் அக்குடும்பத்தின் பொறுப்பு. உரமும் மருந்தும் கம்பனி தரும். விலையைப் பின்னர் கழித்துக்கொள்ளும். எடுத்த கொழுந்தைக் கம்பனியின் தொழிற்சாலைக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் வரும். பேர் என்பது இல்லை, அரைப்பேரும் இல்லை.

பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் இதனைப் பல ஆண்டுகளாகவே வற்புறுத்தி வருகின்றன. ஆயிரம் ரூபாய்க்காக நடந்த நெடும் போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் சம்பளச் சபை நாட் சம்பளத்தை ஆயிரமாக நிர்ணயித்தபொழுது, அதுகாறும் தொழிற்சங்கங்களோடு செய்துவந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து கம்பனிகள் விலகிக்கொண்டன. 2024இல் அது 1,350 ரூபாயாயிற்று. சம்பளம் உயரும்போதெல்லாம் ‘நாட் சம்பள முறையே காலத்துக்கு ஒவ்வாதது’ என்ற குரலும் கூடவே உயர்ந்தது.

கொழுந்து அதே கொழுந்து, கூடை அதே கூடை, மலையும் அதே மலை. பெயரை மாற்றினால் அப்பெண் வேறொருத்தி ஆகிவிடுவாளா? சட்டத்தரணிகளுக்கு இது ஒரு வகைப்படுத்தற் பிரச்சினை. நமக்கோ அறப் பிரச்சினை.

பெயர்களை நமது இலக்கணிகள் காரணப் பெயர், இடுகுறிப் பெயர் என இரண்டாகப் பகுத்தனர். பறப்பதனால் பறவை, இது காரணப் பெயர். மண் என்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை; வழிவழியாக இட்டு வழங்குகிறோம். பள்ளிப் பிள்ளையும் அறிந்த இப்பகுப்பினுள் ‘உற்பத்தியாளர்’ என்ற புதுப்பெயர் எங்கே அடங்கும் என்று யோசித்துப் பார்த்தோம். காரணம் இருக்கிறது, ஆனால் அது பெயர் பெற்றவளிடம் இல்லை, பெயர் இட்டவரிடம் இருக்கிறது. நன்னூலார் காலத்தில் இவ்வகைக்குத் தேவை ஏற்படவில்லை போலும்!

அந்தக் காரணம் என்னவென்று சட்டப் புத்தகமே சொல்லும். தொழிலாளி என்ற சொல்லின் நிழலில் இந்நாட்டில் ஏறத்தாழ நூறாண்டாகச் சேர்ந்த உரிமைகள் நிற்கின்றன. வேலைக் காயத்துக்கு நட்டஈடு தரும் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டினது. மகப்பேற்று நன்மைச் சட்டம் 1939. இன்று அது தாய்க்கு 12 வார விடுமுறையை உறுதி செய்கிறது. சம்பளச் சபைகள் 1941. ஊழியர் சேமலாப நிதி 1958. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி தம் பங்குக்கு 12. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3. இது 1980இன் சட்டம். ஐந்தாண்டு உழைத்தவருக்குப் பணிக்கொடை, நாட் சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாட் சம்பளம் வீதம், இது 1983. உற்பத்தியாளர் என்ற சொல்லின் நிழலில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. தனக்குத் தானே முதலாளியானவளுக்கு 12 விழுக்காட்டை வேறு யார் செலுத்துவது? ஒரு சொல்லை மாற்றினால் இத்தனை செலவும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது. கவிஞர்கள்கூடச் சொல்லுக்கு இவ்வளவு வலிமை உண்டென்று நம்பியிருக்கமாட்டார்கள்.

இம்மக்களுக்குப் பிறர் பெயர் வைப்பது புதிதன்று. கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கார்ல் மார்க்சின் மூலதனம் முதற்பாகம் வெளிவந்த ஆண்டும் அதுவே. அந்நூலில் துண்டுக் கூலியைப் பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தை நுவரெலியாவில் உட்கார்ந்து படித்தால், நேற்று எழுதியது போலத் தோன்றும். செய்த பொருளுக்கு ஏற்பக் கூலி என்று வந்தபின் மேற்பார்வைக்கு அதிக ஆள் வேண்டியதில்லை. உழைப்பவனே தன்னை விரட்டிக்கொள்வான் என்பது அதன் கருத்து. அன்று தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களுக்குக் கிடைத்த பெயர் கூலி. அவர்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கினான். தொழிலாளியின் கடன் எழுதப்பட்ட ‘துண்டு’ என்னும் கடதாசி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறும். கடனை அடைத்த துரைக்கு ஆளும் கைமாறுவான். 1921இல்தான் சட்டம் அத்துண்டைக் கிழித்தது. பிறகு 1948இன் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர் என்னும் வகையில் தள்ளியது. நாடற்றோர் என்ற நிலை சட்டப்படி முற்றாக நீங்க 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் வகை பிரித்தவர் ஒருவர், பிரிக்கப்பட்டவர் வேறொருவர். இன்றைக்கும் ஒரு துண்டு வருகிறது, இம்முறை கடதாசியாக வராமல் நிலமாக வருகிறது.

ஆயினும் எதிர்த்தரப்பாரின் வாதத்தை எள்ளி ஒதுக்குவது நேர்மையாகாது. அதில் உண்மை கலந்திருக்கிறது. பிரட்டுக்களத்து அதட்டலையும், கழிவு வெட்டும் கணக்கப்பிள்ளையையும், அரைப்பேரையும் எந்தத் தொழிலாளி விரும்பினாள்? தன் செடி, தன் நேரம், தன் கைத்திறன் என்று வாழ ஆசைப்படாத மனிதர் உண்டா? தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். கொழுந்தெடுக்க ஆளில்லை என்று கம்பனிகள் சொல்வதும் கற்பனையன்று. ‘கூலி’ என்ற பெயரைப் பிள்ளைகள் வெறுத்தே போகிறார்கள். இந்நிலையில் ‘தொழிலாளி’ என்ற பெயரை விடாதீர்கள் என்று நாம் சொல்லும்போது, லயத்துக் காம்பிராவையும் துரைக்குக் கும்பிடு போடுவதையும் சேர்த்தல்லவா விடாதீர்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது! முற்போக்காளர் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றனர். விடுதலை என்ற சொல்லை எதிரி எடுத்துக்கொண்டுவிட்டால் நமக்குப் பேச்சு வராமற் போகிறது.

தடுமாற்றத்துக்கு மருந்து, பெயரை விட்டுப் பொருளைப் பார்ப்பதே. இதற்கு நல்ல துணையாக இருப்பது தேயிலை வழக்கன்று, உப்பு வழக்கு. குஜராத்தில் கச்சு ரண் வெளியில், கூடா என்னும் இடத்தில் தாரங்கத்ரா இரசாயனக் கம்பனிக்கு உப்பளம் இருந்தது. அகரியா எனப்படும் உப்புத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி நிலம் ஒதுக்கப்படும். பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே ஆளுக்கு அதே பாத்தி. அக்டோபரில் தொடங்கி ஜூன் வரை வேலை. குடும்பத்தோடு உழைப்பார்கள், வேண்டுமானால் தம் செலவில் வேறு ஆளையும் வைத்துக்கொள்வார்கள். வேலை நேரம் இல்லை, வரவுப் பதிவேடு இல்லை, விடுமுறை என்ற பேச்சும் இல்லை. மணங்குக்கு இவ்வளவு என்று பணம். ‘இவர்கள் தொழிலாளரே அல்லர், தனித்து நின்று தொழில் செய்யும் கொந்தராத்துக்காரர்கள்’ என்றது கம்பனி. செடிக்குப் பதில் பாத்தி, கொழுந்துக்குப் பதில் உப்பு. வேறு வேறுபாடு நமக்குத் தென்படவில்லை.

1956 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கடதாசியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று நீதிபதிகள் நின்றுவிடவில்லை. பாத்தியைச் செப்பனிடுவது முதல் உப்பு விளைவது வரை ஒவ்வொரு கட்டத்திலும் கம்பனியின் ஆட்கள் வந்து பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள். தரமில்லை என்று தள்ளிய உப்புக்குப் பணம் உண்டா? இல்லை. தள்ளிய உப்பையாவது அகரியா வெளியே விற்கலாமா? கூடாது. இவ்வளவு கட்டுப்பாடும் கம்பனியின் கையில் இருக்கையில் அவர்கள் தொழிலாளரே என்று முடிவாயிற்று. பதிவேடு இல்லாததும், நேரக் கட்டுப்பாடு இல்லாததும், உதவிக்கு ஆள் வைத்துக்கொண்டதும் அவர்களைச் சுதந்திர உற்பத்தியாளர் ஆக்கிவிடவில்லை.

இலங்கையின் 1950ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமும் இதற்குக் குறைந்ததன்று. வேலையாள் என்பதற்கு அது தரும் வரைவிலக்கணத்தில், சேவை ஒப்பந்தம் செய்தவர் மட்டுமல்லர், ஒரு வேலையைத் தாமே நேரில் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தவரும் அடங்குவார். எழுத்தோ வாய்மொழியோ, இரண்டும் ஒன்றே. சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட 198ஆம் இலக்கப் பரிந்துரை, தரப்பினர் உறவுக்கு என்ன பெயரிட்டாலும் நடைமுறை உண்மைகளே முதன்மை என்கிறது. 2021 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் ஊபர் சாரதிகள் வழக்கில், கட்டணத்தையும் நிபந்தனைகளையும் கம்பனியே விதிக்கும்போது சாரதியைச் சுயதொழிலாளி என்று எழுதிவைப்பது செல்லாது என்றது. நீராவிக் கப்பல் காலத்து உப்பளமும் கைத்தொலைபேசி காலத்து மோட்டார் வண்டியும் ஒரே கேள்விக்கு உள்ளாகின்றன.

எனவே நாம் நமது கேள்விகளை மலைக்குக் கொண்டு போவோம். இவள் தன் கொழுந்தைப் பக்கத்துத் தொழிற்சாலை கூடுதல் விலை தந்தால் அங்கே விற்கலாமா? தேயிலையைப் பிடுங்கி வேறு பயிர் வைக்கலாமா? அந்த நிலத்தை வங்கியில் ஈடு வைத்துக் கடன் பெறலாமா? நோயுற்றால் துண்டை இன்னொருவருக்கு விற்றுவிட்டுப் போகலாமா? இவற்றுக்கெல்லாம் ‘ஆம்’ என்றால் அவள் உற்பத்தியாளர்தான். நாம் மகிழ்ந்து வாழ்த்துவோம். ‘இல்லை’ என்றால், அவளுக்குக் கிடைத்தது எது? நட்டத்தைத் தாங்கும் உரிமை ஒன்றே.

நட்டம் என்பது வெறும் சொல்லன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே இரவில் தடை செய்தது. அவ்வாண்டு இறுதிக்குள் தடையை நீக்கிவிட்டார்கள். ஆனால் செடி அரசாங்கத்தைப் போல விரைவில் மனம் மாறுவதில்லை. 2021இல் ஏறக்குறைய 30 கோடிக் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 2022இல் 25 கோடிக் கிலோவாக வீழ்ந்தது. பேர் விழும் தொழிலாளிக்கு, வேலை கிடைத்த நாளிலேனும் சட்டம் விதித்த சம்பளம் இருந்தது. கிலோக் கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு விளைச்சல் குறைந்த அளவுக்கு வருவாயும் குறைந்தது. உரத் தடையை அவர்கள் கேட்கவில்லை; கொழும்பு ஏலத்தில் விலை இறங்குவதற்கும் அவர்கள் காரணமல்லர்.

தென் மாகாணத்திலும் சப்பிரகமுவவிலும் உள்ள சிற்றுடைமையாளரைக் காட்டி, ‘அவர்கள் வாழவில்லையா?’ என்று கேட்கிறார்கள். வாழ்கிறார்கள், நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியை அவர்களே தருகிறார்கள். ஆனால் அவர்களது நிலம் அவர்களுடையது. கொழுந்து வாங்கும் தொழிற்சாலை ஒன்று போனால் வேறொன்று. விற்பனை வருவாயில் நூற்றுக்கு 68 கொழுந்து தந்தவருக்கு என்ற விதி இருக்கிறது. அவர்களுக்கென்று ஓர் அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. மறுநடுகைக்கு மானியம் இருக்கிறது. நிலவுரித்து இல்லாத லயத்துக் குடும்பத்துக்கு இவற்றுள் எது கிட்டும்? பெயரை மட்டும் தென் மாகாணத்திலிருந்து கடன் வாங்கி வந்து, காணி உறுதியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

கம்பனிகளே அந்நிலத்தின் உடைமையாளர் அல்லர் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களின் முகாமையே 1992இல் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை. குத்தகைக்காரர் தமக்கு 53 ஆண்டு உறுதி இல்லாமல் முதல் போடமாட்டோம் என்கிறார்கள். அவரிடம் துண்டு பெறுபவளுக்கோ அடுத்த கவ்வாத்து வரை உறுதி உண்டா என்பதே ஐயம். உண்மையான உற்பத்தியாளரை உருவாக்க வேண்டுமென்ற எண்ணம் நேர்மையானதாயின், தொடங்கவேண்டிய இடம் காணிக் கச்சேரி.

‘விரும்பித்தானே கையெழுத்திடுகிறார்கள்?’ என்பது கடைசி வாதம். விருப்பத்தின் பெறுமதி, மறுப்பதற்கு உள்ள வசதியைப் பொறுத்தது. குடியிருக்கும் காம்பிரா தோட்டத்தினது. தண்ணீர்க் குழாய் தோட்டத்தினது. பிள்ளைக் காம்பிராவும் தோட்டத்தினது. வேலை நாட்களைக் குறைத்துக்கொண்டே போய், பிறகு ‘துண்டு எடுக்கிறாயா?’ என்று கேட்டால் எத்தனை பேர் வேண்டாம் என்பார்கள்? கங்காணி முற்பணம் கொடுத்த காலத்திலும் பெருவிரல் அடையாளம் விருப்பத்தோடுதான் வைக்கப்பட்டது.

மலையில் குளவி கொட்டி இறந்தவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் பத்திரிகையில் வருகிறது. செக்றோலில் பெயர் உள்ளவள் கொட்டுண்டால் நட்டஈட்டைக் கேட்பதற்கு ஓர் எதிரியேனும் உண்டு. உற்பத்தியாளர் கொட்டுண்டால், மருந்து தெளிக்கையில் மயங்கி விழுந்தால், யாரை எதிர்த்து வழக்கு? தன்னைத் தானேயா? அதுபோலவே சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் உரிமை. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் சம்மேளனம் கண்டதும், 1940இல் முல்லோயாவில் கோவிந்தன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானதும், தொழிலாளர் ஒரு கூட்டமாகக் கேட்கலாம் என்ற உரிமைக்காக. ஆளுக்கொரு துண்டும் ஆளுக்கொரு உடன்படிக்கையும் என்றானபின் கூட்டம் எங்கே? உற்பத்தியாளர் வேலைநிறுத்தம் செய்தால் செடியல்லவா சிரிக்கும்!

ஆசிரியர் என்ற முறையில் நம் கண்ணில் உறுத்துவது வேறொன்றும் உண்டு. கிலோவுக்குப் பணம் என்றால் வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் கிலோவாகிவிடும். பருவ மழைக்குப் பின் கொழுந்து தள்ளும் வாரங்களில் பள்ளிப் பதிவேட்டில் யார் யார் பெயருக்கு நேரே வெற்றிடம் விழும் என்பதை மலைநாட்டு ஆசிரியர் எவரும் ஊகிக்கலாம். 2021 முதல் வேலைக்கு அமர்த்தக்கூடிய வயது 16. ஆனால் தகப்பனுடைய துண்டில் களை பிடுங்கும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை யார் வேலைக்கு அமர்த்தியதாகச் சட்டம் சொல்லும்?

நம் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டாம். தொழிலாளி என்ற பெயர் இருந்தும் பயன் இல்லாத தோட்டங்கள் உண்டு. அரசாங்கத்துக்குச் சொந்தமான தோட்ட நிறுவனங்களே சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் வைத்தன. ‘கைக்காசு’ என்று கிலோவுக்குக் காசு கொடுத்து, நிதி எதிலும் சேர்க்காமல் வேலை வாங்கும் வழக்கம் இந்தப் புதுப்பெயருக்கு முன்பே வேரூன்றிவிட்டது. சங்கங்கள் சந்தாவுக்குக் காட்டிய அக்கறையைக் கைக்காசுக்காரர்மேல் காட்டியிருந்தால் இன்று வாதம் இவ்வளவு கடினமாக இராது. இது கசப்பான பேச்சுத்தான்.

இன்னும் ஒன்று. செக்றோலில் பெண்ணுக்குத் தனி இலக்கம் உண்டு. சேமலாப நிதியில் தனிக் கணக்கு உண்டு. ஐம்பது வயதில் அவள் தொழில் திணைக்களத்துக்குப் போய்த் தன் பெயரில் சேர்ந்ததைக் கேட்டு வாங்கலாம். அவள் சம்பளத்தைக் கணவன் வாங்கிப்போன காலமும் இருந்தது. ஆனாலும் கணக்கு அவள் பெயரில்தான் ஏறியது. இனிக் குடும்பத்துக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஓர் உடன்படிக்கை, உடன்படிக்கைக்கு ஒரு கையெழுத்து. கொழுந்தெடுப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் குடும்பத் தலைவர் என்ற கட்டத்தில் நம் நாட்டு அலுவலகங்கள் யார் பெயரை எழுதும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தோட்டத்திலாவது இந்தக் கடதாசி வருமாயின், எந்த நிதி இலக்கத்தில் எவ்வளவு செலுத்தப்படும் என்ற வரிக்கு அடுத்தபடி, மனைவியின் பெயர் எங்கே இருக்கிறது என்று முதலிற் பார்க்கும்படி அங்குள்ள இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இப்பொழுது இருக்கிறது.